திறக்க மறுத்த சிறு கதவு



வீட்டிலுள்ள கதவுகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவை நாள்தோறும் திறக்கின்றன, மூடுகின்றன. நாமும் போகிறோம், வருகிறோம். ஒரு நாள் ஒரு கதவு திறக்க மறுக்கும்போதுதான் அப்படியொரு கதவு இருப்பதே நம் நினைவுக்கு வருகிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய ஒரு கதவைப் பற்றியே. அது மாளிகைக் கதவன்று, கோட்டைக் கதவுமன்று. உள்ளங்கை அகலமே உள்ள ஒரு தகட்டுக் கதவு. காரின் பின்பக்கத்தில், சக்கரத்திற்குச் சற்று மேலே, பெட்ரோல் ஊற்றும் வாயை மறைத்துக்கொண்டு நிற்பது. ஓட்டுநரின் இருக்கைக்கு அருகிலுள்ள சிறு பிடியை இழுத்தால் 'டக்' என்னும் ஓசையுடன் அது சற்றே வெளியே துள்ளும். துள்ளாமற் போனால் என்ன நேரும் என்பதைப் பலரும் எண்ணியிருக்கமாட்டார்கள். நாங்களும் எண்ணியதில்லை.

எங்கள் தொழில் மொழிபெயர்ப்பு. மைய அரசின் அலுவலகத்தில் பல துறைகளின் தாள்கள் எங்கள் மேசைக்கு வரும். ஒரு முறை மோட்டார் வண்டிகளைப் பேணுவது பற்றிய குறிப்பேடு ஒன்று வந்தது. இந்தச் சிறு கதவுக்கு 'எரிபொருள் நிரப்பு வாயின் மூடி' என்று பெயரிட்டு, நல்ல சொல் அமைந்ததென்று மனநிறைவும் கொண்டோம். ஆனால் எங்கள் வண்டியிலிருந்த அந்த மூடியை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. சொல்லை அறிந்திருந்தோம், பொருளை அறிந்திருக்கவில்லை. அந்தப் பாடத்தை நாங்கள் கற்ற நாள் எளிதில் மறக்கத்தக்கதன்று.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எங்களுடன் தில்லியில் தங்கியிருந்த தந்தையார் முதுமையினால் காலமானார். அவருடைய அஸ்தியை அரித்துவாரத்தில் கங்கையில் கரைக்க வேண்டும் என்பது அன்னையாரின் விருப்பம். அங்கே ஒரு புரோகிதருக்குச் சொல்லியனுப்பி, முற்பகலில் வந்துவிடுவதாக வாக்களித்திருந்தோம். தில்லியிலிருந்து அரித்துவாரம் ஏறக்குறைய 220 கி.மீ. விடியலுக்கு மூன்று மணி நேரம் முன்பாகவே புறப்பட்டோம். மும்பையிலிருந்து வந்திருந்த தம்பி வண்டியை ஓட்டினான். அன்னையார் சிவப்புத் துணி சுற்றிய கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். வெளியே வட நாட்டுப் பனிமூட்டம். முன்னே செல்லும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

துக்க வீட்டில் எத்தனையோ வேலைகள். முந்தின நாள் பெட்ரோல் போட மறந்துவிட்டோம். மீரட்டைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும் பெட்ரோல் குறைந்துவிட்டதென்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது. முசாபர்நகரை நெருங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் கண்ணிற்பட்டது. மகிழ்ச்சியுடன் வண்டியை நிறுத்தித் தம்பி பிடியை இழுத்தான். மூடி அசையவில்லை. மீண்டும் இழுத்தான். பத்து முறை இழுத்தான். நாங்கள் இறங்கிச் சென்று விரல் நகத்தால் மூடியின் விளிம்பைப் பற்ற முயன்றோம். நகம் நொந்ததே தவிர மூடி நகரவில்லை. எஞ்சிய தொலைவு ஏறக்குறைய 90 கி.மீ.; தொட்டியில் இருந்ததோ சில லிட்டர். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஒலியெழுப்பத் தொடங்கின. பங்க்கில் பணிபுரிந்த இளைஞன் ஒரு பெரிய திருப்புளியைக் கொண்டுவந்து, விளிம்பில் கொடுத்து நெம்பிவிடட்டுமா என்று கேட்டான். வேறு வழி தோன்றாமல் தலையசைக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

அப்பொழுது அன்னையார் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். தம் வாழ்நாளில் அவர் காரின் எந்தப் பகுதியையும் தொட்டுப் பார்த்தவரல்லர். "ஏனப்பா, சும்மா இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படித் திறக்கும்? ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கொல்லைக் கதவை எப்படித் திறப்போம்? முதலில் கதவை உள்ளே அழுத்து. அப்புறம் தாழை விலக்கச் சொல்லு" என்றார்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் எங்கள் பழைய வீடு. அதன் கொல்லைக் கதவு மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிவிடும், தாழ்ப்பாள் இறுகிக்கொள்ளும். இடக்கையால் கதவை நிலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வலக்கையால் தாழ்ப்பாளைத் தள்ளினால் அது வெண்ணெயில் இறங்கும் கத்தியைப்போல வழுக்கிச் செல்லும். இதைச் செய்தே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் தில்லிச் சாலையில், பெட்ரோல் பங்க்கில், அது நினைவுக்கு வரவில்லை.

உடனே உள்ளங்கையை மூடியின்மீது வைத்து உள்நோக்கி அழுத்தினோம். "இப்போது இழு, இழுத்த பிடியை விடாதே" என்று தம்பிக்குக் குரல் கொடுத்தோம். அவன் பிடித்திருக்கும்போதே கையை மெல்ல மெல்ல எடுத்தோம். ஒரு மங்கிய ஓசை கேட்டது. மூடி கால் அங்குலம் வெளியே வந்தது. அவ்வளவுதான். பெட்ரோல் நிரம்பிற்று. குறித்த பொழுதுக்குள் அரித்துவாரத்தை அடைந்தோம். செய்ய வேண்டியதைக் குறைவின்றிச் செய்தோம்.

அன்பர்களே, அன்னையாரின் சொல் ஏன் பலித்தது என்பதை இனிக் காண்போம். அதை அறிந்துகொண்டால் இந்தச் சிறு கதவின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

நம் நாட்டில் ஓடும் சிறு கார்கள் பலவற்றில் இவ்வமைப்புக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, ஓட்டுநர் இழுக்கும் பிடி. இரண்டாவது, அப்பிடியிலிருந்து வண்டியின் தரைவிரிப்புக்கு அடியில் ஓடிப் பின்பக்கத்தை அடையும் கேபிள். மூன்றாவது, அக்கேபிளின் முடிவிலுள்ள தாழ். தாழ் என்பது சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு முளை. அதை ஒரு ஸ்பிரிங் எப்பொழுதும் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மூடியின் உட்புறத்திலுள்ள கொக்கியில் அம்முளை மாட்டிக்கொள்வதால் மூடி பூட்டிக்கொள்கிறது. இம்மூன்றுக்கும் புறம்பே, மூடியை வெளியே தள்ளுவதற்கென்று ஒரு பட்டை ஸ்பிரிங் கீலின் அருகில் இருக்கும். பிடியை இழுத்தால் முளை பின்வாங்கும். பட்டை ஸ்பிரிங் மூடியைத் துள்ளச் செய்யும். பெட்ரோல் திருட்டைத் தடுக்கவும், புழுதியும் மழையும் புகாமல் காக்கவும் அமைந்த எளிய ஏற்பாடு இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பட்டை ஸ்பிரிங் மூடியை எப்பொழுதும் வெளியே தள்ளுகிறது. ஆதலால் கொக்கியின் விளிம்பு முளையின்மீது அழுந்திக்கொண்டே இருக்கிறது. எல்லாம் தூய்மையாக இருக்கும்வரை இவ்வழுத்தத்தால் இடையூறில்லை. முளையில் துருவோ பிசுக்கோ ஏறிவிட்டால் உராய்வு மிகுந்துவிடும். கேபிளின் இழுவிசை அதை வெல்லப் போதாது. மூடியை உள்ளே அழுத்தினால் கொக்கியின் விளிம்பு முளையை விட்டு விலகும், உராய்வு குறையும், முளை எளிதில் பின்வாங்கும். கொல்லைக் கதவிலும் நிகழ்வது இதுவே. பூட்டிய பொருளைத் திறக்க விரும்புபவன் முதலில் அதன் சுமையை இறக்க வேண்டும்.

கேபிளைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி ஒன்று, வளைந்து கொடுக்கும் உறை ஒன்றினுள் நகர்வதே இதன் அமைப்பு. எர்னஸ்ட் பவுடன் என்பவர் 1890-களின் பிற்பகுதியில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே இது இன்றும் பவுடன் கேபிள் எனப்படுகிறது. சைக்கிளின் பிரேக்கிலும் ஸ்கூட்டரின் கிளட்சிலும் நம்மிற் பலர் இதைக் கண்டிருப்போம். இதில் நாம் பெரும்பாலும் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு: கம்பி நகர வேண்டுமானால் உறை நகராமல் நிற்க வேண்டும். உறையின் இரு முனைகளும் தத்தம் இடத்தில் உறுதியாகப் பொருந்தியிருக்க வேண்டும். ஒரு முனை கழன்றுவிட்டால், நாம் இழுக்கும்போது கம்பியோடு உறையும் சேர்ந்து நெளியும். நம் இழுப்பிற் பாதி வழியிலேயே வீணாகும். ஸ்கூட்டரின் கிளட்ச் சரியாகப் பிடிக்காதபோது மெக்கானிக் முதலில் உறையின் முனையைத் தொட்டுப் பார்ப்பதன் காரணம் இதுவே.

இனி, மூடி திறக்காதபோது கோளாறு எங்கே என்று காண்பது எப்படி? கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒருவருடைய கையும் மற்றொருவருடைய காதும் போதும். ஒருவர் பிடியை இழுக்க, மற்றவர் மூடியின் அருகே காதை வைத்துக் கேட்கட்டும்.

பிடி எவ்விதத் தடையுமின்றித் தொளதொளவென்று வருமானால், கேபிள் அறுந்திருக்கும். அல்லது ஏதேனும் ஒரு முனையில் கழன்றிருக்கும். அவ்வாறாயின் மூடியை அழுத்துவதால் பயனில்லை. பல வண்டிகளில் டிக்கியின் பக்கவாட்டிலுள்ள உறையட்டையைச் சிறிது விலக்கினால் தாழின் பின்புறத்தைக் கையால் எட்டலாம். முளையை அங்கிருந்தே பின்னுக்கு இழுத்துத் திறந்துவிடலாம். பிறகு கேபிளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிடி இறுக்கமாக இழுபட்டு, மூடியின் அருகே 'டிக்' என்னும் ஓசையும் கேட்குமானால், தாழ் தன் பணியைச் செய்கிறது, குற்றம் மூடியினுடையது. பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கீல் துருவேறியிருக்கலாம், விளிம்பில் சேறு காய்ந்து பசைபோல ஒட்டியிருக்கலாம். அண்மையில் நசுங்கல் எடுத்து வண்ணம் பூசிய வண்டியாயின், வண்ணம் தடித்துப் போயோ, மூடி ஒரு பக்கம் சாய்ந்தோ இருக்கலாம். சுற்றிலுமுள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். இத்தகைய நிலையில் ஒருவர் பிடியை இழுத்தபடியே இருக்க, மற்றவர் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையொன்றை விளிம்பில் நுழைத்து மெதுவாக வெளியே நெம்பலாம். திருப்புளி கூடாது. அது வண்ணத்தைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் துரு குடியேறும். அடுத்த ஆண்டு அத்துருவே மூடியை இறுக்கும்.

பிடி கல்லைப்போல நகர மறுத்தாலும், சிறிதளவே நகர்ந்து ஓசையின்றி நின்றுவிட்டாலும், கேபிளோ தாழோ இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்பொழுது வலிமையைக் காட்டினால் பிடி ஒடிந்து கையோடு வந்துவிடும். உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்கும் முறையை இங்கேதான் கையாள வேண்டும். எங்கள் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

வழியில் திறந்துவிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. காரியங்களெல்லாம் நிறைவேறிய பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய வேளையில், தம்பியும் நாங்களும் அந்த மூடியின் முன் அமர்ந்தோம். எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் வாயின் திருகுமூடியை இறுக்கமாக மூடிவைத்துக்கொண்டோம். அருகில் விளக்கோ நெருப்போ புகைப்பவரோ இருத்தலாகாது. பெட்ரோலின் ஆவி பூச்சியத்திற்கு 40 பாகை கீழுள்ள கடுங்குளிரிலும் பற்றிக்கொள்ளத்தக்கது. காற்றைவிடக் கனமானதாகையால் மேலே செல்லாமல் தரையோடு தவழ்வது. இறுகிய மூடியை இளக்குவதற்காகச் சூடு காட்டுவது எந்நிலையிலும் செய்யத்தகாத செயல்.

முதலில் கண்ட குற்றம், பெட்ரோல் வாயைச் சூழ்ந்துள்ள கிண்ணம் போன்ற குழியின் அடியில் இருந்தது. மழைநீரும், கழுவும் நீரும், சிந்திய பெட்ரோலும் வெளியேறுவதற்கென்று அங்கே ஒரு சிறு வடிகால் துளை உண்டு. எங்கள் வண்டி குடியிருப்பில் வேப்பமரத்து நிழலில் நிற்பது. சருகும் புழுதியும் சேர்ந்து அத்துளையை அடைத்திருந்தன. வடியாத நீர் நாட்கணக்கில் தேங்கி, பட்டை ஸ்பிரிங்கையும் கீலையும் துருப்பிடிக்கச் செய்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தென்னந் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவித் துளையைக் குடைந்தோம். பிறகு ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றினோம். பின்சக்கரத்தின் அருகே தரையில் நீர் சொட்டியது. வடிகால் திறந்துவிட்டதென்று அறிந்தோம். திருகுமூடி இறுக மூடியிராவிட்டால் அழுக்கு நீர் தொட்டிக்குள் சென்றுவிடும் என்பதை இவ்வேலை செய்வோர் மறத்தலாகாது.

அடுத்துக் கண்டது, டிக்கியின் உறையட்டைக்குப் பின்னே இருந்தது. முன்பொரு முறை ஏதோ ஒரு பழுதுக்காக அவ்விடத்தைக் கழற்றிய ஒருவர், கேபிள் உறையின் முனையை அதன் பிடிப்பில் சரியாக மாட்டாமல் விட்டிருந்தார். பிடியை இழுக்கும்போதெல்லாம் உறை நெளிந்து, இழுப்பின் ஒரு பகுதி வீணாகிக்கொண்டிருந்தது. முனையை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்தியதும் பிடியிலே புதியதோர் உறுதி தோன்றியது.

மூன்றாவது குற்றம் தாழின் முளையில் இருந்தது. அதைக் கூறச் சற்று நாணமாகவே இருக்கிறது. ஏனெனில் அது எங்கள் கையாலேயே நேர்ந்தது. முளையைச் சுற்றி மெழுகுபோல வெண்மையான ஒரு படலம் உறைந்து, புழுதியோடு கலந்து கெட்டியாக இருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தோம். தேங்காய் எண்ணெய்!

ஐப்பசியில் ஒரு நாள் மூடி கிறீச்சிட்டபோது, சமையலறையிலிருந்த தேங்காய் எண்ணெயில் சில துளிகளை அங்கே விட்டிருந்தோம். அது தந்தையாரிடம் கற்ற பழக்கம். ஊரில் ஆண்டுதோறும் அடைமழைக்கு முன் அவர் ஒரு கோழி இறகை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு, வீட்டிலுள்ள கீல் தாழ்ப்பாள் அனைத்திற்கும் ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டு வருவார். அவர் மறந்துபோன ஆண்டுகளில் கதவைத் திறக்கும் வித்தை அன்னையாருடையது. காவிரிக்கரையில் அந்த எண்ணெய் குற்றமற்றது. மார்கழி விடியலில் சற்றே உறைந்தாலும், வெயில் ஏறியதும் உருகிவிடும். ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறையும் இயல்புடையது. தில்லியின் மார்கழியில் அது புட்டியிலேயே கல்லாகிவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வெயிலில் வைத்தும் வெந்நீரில் நிறுத்தியும் இளக்கிக்கொள்கிறோம். புட்டியில் கண்டதைத் தாழிலே எண்ணிப் பார்க்க அறியாமற் போனோம்.

வேண்டியது இன்னதென்று இப்பொழுது தெரிந்துவிட்டது. பழைய துணியாலும் பல் துலக்கும் பழைய தூரிகையாலும் முளையையும் கொக்கியையும் துடைத்தெடுத்தோம். துருவேறிய கீலிலும் ஸ்பிரிங்கிலும், துருவைத் தளர்த்தும் தைலத்தைச் சிறிதளவு பீய்ச்சி, கால் மணி நேரம் ஊறவிட்டோம். இவ்வகைத் தைலங்களுள் உலகெங்கும் பெயர்பெற்ற டபிள்யூ.டி.-40 என்பது 1953-இல் அமெரிக்காவிலுள்ள சான் டியேகோ நகரில் உருவானது. நீரை அகற்றும் கலவையைத் தேடியவர்களுக்கு நாற்பதாம் முயற்சியில் வெற்றி கிட்டியது என்பதே அப்பெயரின் பொருள். ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் அது நல்லது. ஆனால் நெடுநாள் நின்று உராய்வைத் தடுப்பது அதன் முதற்பணியன்று. ஆதலால் அதைத் துடைத்துவிட்டு, வெண்ணிற லிதியம் கிரீசை ஒரு கடுகளவு எடுத்து முளையிலும் கீலிலும் தடவினோம். கடுகளவு என்பதை வற்புறுத்திக் கூறுகிறோம். மிகுதியாகப் பூசினால் வட நாட்டுப் புழுதி முழுவதையும் அது அழைத்து வைத்துக்கொள்ளும்.

இறுதியாகப் பட்டை ஸ்பிரிங். அது வலிவிழந்திருந்தது. கையால் மெல்ல வெளிப்புறமாக ஒரு நூலளவு வளைத்துவிட்டோம். துரு ஆழமாக அரித்த ஸ்பிரிங்காயின் அவ்வாறு வளைக்கும்போதே முறிந்துவிடும். அதை மாற்றிவிடுவதே முறை. மூடியை மூடிப் பிடியை இழுத்தோம். 'டக்' என்று துள்ளியது. தம்பி மேலும் ஐந்தாறு முறை திறந்து மூடினான். அன்னையார் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லா வண்டிகளும் ஒரே அமைப்புடையவை அல்ல. புதிய வண்டிகள் சிலவற்றில் பிடியும் கேபிளும் இல்லை. மூடியை விரலால் ஒரு முறை அழுத்தினால் அதுவே வெளிவரும். இவற்றின் பூட்டு வண்டிக் கதவுகளின் பூட்டோடு மின்சாரத்தால் இணைந்திருப்பதால், கதவுகள் பூட்டியிருந்தால் மூடியும் திறவாது. ஆகவே முதலில் எல்லாக் கதவுகளையும் திறவுகோலால் ஒரு முறை பூட்டித் திறந்து பார்க்க வேண்டும். பாட்டரி வலிவிழந்திருந்தாலும் இத்தடை நேரலாம். ஒருவர் பூட்டித் திறக்க, மற்றவர் மூடியைச் சிலமுறை மெல்ல அழுத்திவிட்டால் சிக்கிய முளை விடுபடுவதுண்டு. சில வண்டிகளில் டிக்கிக்குள் அவசரத்திற்கென்று ஓர் இழுப்புக் கயிறும் வைத்திருப்பார்கள். அது தம் வண்டியில் உண்டா, எங்கே உண்டு என்பதை உடைமையாளர் வண்டியோடு தந்த கையேட்டில் முன்னரே பார்த்து வைத்துக்கொள்வது நன்று. நள்ளிரவில், நடுவழியில், அதைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. சிம்லா, சிரீநகர் போன்ற மலைநகரங்களில் வாழும் அன்பர்களுக்கு மற்றொரு சொல்: மூடியின் விளிம்பில் நீர் தங்கி உறைவதும் அங்கே உண்டு. கழுவிய வண்டியின் மூடியை ஒரு முறை திறந்து விளிம்பைத் துடைத்துவிட்டால் அது நேராது.

தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. தில்லியிலிருந்து சென்னைக்கு 2,000 கி.மீ.க்கு மேல். சக்கரத்தில் காற்றையும், எஞ்சினில் எண்ணெயையும் பார்த்துவிட்டுப் புறப்படுகிறார்கள். அவற்றோடு இச்சிறு கதவையும் ஒரு முறை திறந்து, வடிகால் துளையைக் குடைந்து, முளையைத் துடைத்துவிடுமாறு வேண்டுகிறோம். கால் மணி நேர வேலைதான். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறையும், குளிர் தொடங்குமுன் ஒரு முறையும் செய்தால் போதுமானது.

ஊரைவிட்டு வந்த நாம் ஊரிலிருந்து எத்தனையோ பொருள்களைக் கொண்டுவந்திருக்கிறோம். அவற்றுள் சில இந்த மண்ணுக்கும் பொருந்துகின்றன, சில பொருந்துவதில்லை. தந்தையாரின் எண்ணெய் தில்லிக் குளிரில் உறைந்துபோயிற்று. அன்னையாரின் கைப்பழக்கம் உறையவில்லை. ஆயினும் ஆண்டுக்கொரு முறை கீல்களையும் தாழ்களையும் தேடிச்சென்று கவனிக்கும் அந்தப் பழக்கம் தந்தையாருடையதே. எண்ணெயை மாற்றிக்கொண்டோம், பழக்கத்தை வைத்துக்கொண்டோம். இப்பொழுதெல்லாம் ஐப்பசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரீசும் ஈர்க்கும் எடுத்துக்கொண்டு வண்டியருகே சென்று அமர்கிறோம்.